மரக்காலும் மனச்சான்றும்

ஒரு ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து ஆலய வளாகத்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தோம். மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் எங்கள் பங்கு இளைஞர் ஒருவர் அருகில் வந்து, “ஐயா, ஒரு பிழையை ஐந்து பிழை என்று எழுதினால் அது பொய்யாகுமா?” என்று கேட்டார்.

கேள்வி நமக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். வங்கிகள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றில் அவ்வப்போது தலைகாட்டும் பிழைகளைக் களைவது அவருடைய குழுவின் வேலை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பதிவு உண்டு. அதனை அவர்கள் ‘டிக்கெட்’ என்பார்கள். பிழை தீர்ந்ததும் டிக்கெட் மூடப்படும். மாத முடிவில் யார் எத்தனை டிக்கெட்டுகளை மூடினார் என்ற பட்டியல் மேலாளரிடம் போகும். ஒரு மாதம் இவர் ஒரே பிழையின் வேரைத் தேடுவதில் மூன்று வாரங்களைச் செலவிட்டார். வேர் அகப்பட்டது. பல மாதங்களாக வெவ்வேறு உருவில் முளைத்துக்கொண்டிருந்த தொல்லை அத்தோடு ஓய்ந்தது. ஆனால் பட்டியலில் இவர் பெயருக்கு நேரே 4 என்றும், அடுத்த இருக்கை நண்பரின் பெயருக்கு நேரே 41 என்றும் இருந்தன. ஆண்டு மதிப்பீட்டில் இவர் கடைசித் தட்டில் வைக்கப்பட்டார்.

அதற்குப் பின் இவரும் பிழைக்கக் கற்றுக்கொண்டார். ஒரு பிழையை ஐந்து துண்டாக்கி ஐந்து டிக்கெட் எழுதி, ஐந்தையும் மூடினார். எண் உயர்ந்தது, பாராட்டும் வந்தது. “எழுதிய ஐந்தும் உண்மைதான், ஐயா. இல்லாத எதையும் நான் எழுதவில்லை. ஆனாலும் நெஞ்சு உறுத்துகிறது” என்றார்.

அன்று நம்மால் தெளிவாக விடை சொல்ல இயலவில்லை. காலந்தாழ்ந்த அந்த விடையே இக்கட்டுரை.

களத்துமேட்டு அளவை

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில், வைகை நீரிலும் பெரியாற்று நீரிலும் விளைந்த நெல்லைக் களத்தில் மரக்காலால் அளந்த காலத்தை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முதல் மரக்காலை நிரப்பிக் கொட்டும்போது ‘ஒன்று’ என்று சொல்வதில்லை, ‘லாபம்’ என்பார்கள். இரண்டிலிருந்துதான் எண் தொடங்கும். விளைந்தது முழுவதும் தம் கையின் கணக்கன்று, கொடுக்கப்பட்டதும் அதில் உண்டு என்ற உணர்வு அந்த முதற்சொல்லில் ஒளிந்திருந்ததாகவே நாம் கருதுகிறோம்.

அதே களத்தில் அநீதியும் நடந்தது. குத்தகை வாங்கும் மரக்கால் பெரிது, கூலி அளக்கும் மரக்கால் சிறிது என்ற குமுறல் முன்னாளில் பல ஊர்களில் எழுந்ததுண்டு. இணைச்சட்ட நூல் பையில் இருவகை எடைக்கற்களையும் வீட்டில் இருவகை அளவைகளையும் வைத்திருப்பவரைக் கடிந்துகொள்வது இதனால்தான். கள்ள மரக்கால் எளிதில் இனம் காணக்கூடிய பாவம். அதற்குச் சட்டமும் உண்டு; 1956ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் கிலோவையும் லிட்டரையும் பொதுவாக்கியது.

ஆனால் அந்த இளைஞரின் அலுவலகத்தில் கள்ள மரக்கால் இல்லை. அனைவருக்கும் ஒரே அளவைதான். எண்ணியவரும் சரியாகவே எண்ணினார். அவ்வாறிருந்தும் எங்கோ ஒரு பொய் நுழைந்துவிட்டது. அது எங்கே நுழைந்தது என்பதே கேள்வி.

காணாத பொருளை அளத்தல்

இத்தொழில் இன்று நமக்குத் தொலைவானதன்று. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் நிறுவனம் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைத்திருக்கிறது. நம் பங்குகளில் மகனோ மருமகளோ இத்துறையில் இல்லாத குடும்பங்கள் குறைந்துவருகின்றன. ஆகவே இதன் உள்ளியல்பைச் சற்றே அறிந்துகொள்வது நன்று.

கொத்தனார் எழுப்பிய சுவரை நூல் பிடித்துப் பார்க்கலாம். தச்சர் செய்த கதவைத் தட்டிப் பார்க்கலாம். மென்பொருளையோ கண்ணால் காண இயலாது. பணம் கொடுப்பவருக்கும் தெரியாது. பல நேரங்களில் மேற்பார்வையாளருக்கும் தெரியாது. மூன்று மாதத்தில் முடியும் என்றது ஒன்பது மாதமாகும். ஏன் என்றால் விடை இராது. ஆகவே, எதையாவது எண்ணியாக வேண்டும் என்ற தேவை தொடக்கத்திலேயே எழுந்தது.

முதலில் நிரலின் வரிகளை எண்ணினார்கள். ஆனால் ஒரே வேலையை ஒருவர் நூறு வரியில் செய்வார், மற்றொருவர் முந்நூறு வரியில் செய்வார். எனவே 1979இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட், வரிகளை விட்டுவிட்டு, அந்த மென்பொருள் பயன்படுத்துவோருக்கு என்னென்ன செய்து தருகிறது என்பதைப் புள்ளிகளாக எண்ணும் முறையை வகுத்தார். அதே நிறுவனத்தில் பெரும் மென்பொருள் பணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய பிரடெரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட நூலில் வேறோர் அளவையின் மயக்கத்தை உடைத்தார். ‘பத்துப் பேர், ஒரு மாதம்’ என்பதும் ‘ஒருவர், பத்து மாதம்’ என்பதும் தாளில் சமம், வாழ்வில் சமமல்ல. பிள்ளைப்பேற்றை ஒன்பது தாய்மாருக்குப் பகிர்ந்தளித்து ஒரே மாதத்தில் முடிக்க இயலுமா என்பதே அவர் காட்டிய உவமை.

பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மென்பொருள் பொறியியல் நிறுவனம், வாட்ஸ் ஹம்ப்ரியின் வழிகாட்டுதலில், 1991இல் ஐந்து படிநிலைகள் கொண்ட ஒரு தர ஏணியை வெளியிட்டது. நான்காம் படியில் ஏற வேண்டுமானால் வேலையை எண்களால் அளந்து நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஏணியில் மிக விரைந்து ஏறியவர்கள் இந்தியர்கள். பெங்களூரிலிருந்த மோட்டரோலாவின் மென்பொருள் பிரிவு, ஐந்தாம் படியை உலகில் முதன்முதலில் எட்டியவற்றுள் ஒன்று. காரணம் எளிது. கடலுக்கு அப்பாலிருந்து வேலை கொடுப்பவர் நம் பிள்ளைகளின் முகத்தை அறியார். எண்ணே அவருக்குக் காட்டிய சான்றிதழ். அந்தச் சான்றிதழால் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் கூரை வீடு மாடி வீடாயிற்று. இதை மறந்து எண்ணைப் பழிப்பது நன்றிகேடாகும்.

ஆசிரியரின் மனமாற்றம்

ஆயினும் எண்ணுக்கு ஒரு நோய் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தார் ‘லிசா’ என்னும் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த 1982இன் தொடக்கத்தில், வாரந்தோறும் எத்தனை வரி எழுதினீர்கள் என்று பொறியாளர்களிடம் படிவம் நிரப்பி வாங்கத் தொடங்கினார்கள். பில் அட்கின்சன் என்பவர், திரையில் உருவங்களை வரையும் பகுதியைப் புதிய முறையில் திருத்தி எழுதி, அதன் வேகத்தை ஏறத்தாழ ஆறு மடங்காக்கியிருந்தார். புதிய முறை எளிமையானதால் ஏறக்குறைய 2000 வரிகள் குறைந்துபோயின. படிவம் வந்தபோது அவர் கழித்தல் குறியிட்டு 2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அட்கின்சனுக்கு அந்தத் துணிவு இருந்தது. அவருக்குப் பெயரும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டாண்டே ஆன, வீட்டுக் கடனும் தங்கையின் படிப்பும் தோளில் கிடக்கும் ஓர் இளைஞர் கழித்தல் குறியிட்டுக் கொடுக்க முடியுமா?

அதே 1982இல்தான் டாம் டிமார்கோ என்ற அறிஞர், மென்பொருள் பணிகளைக் கட்டுப்படுத்துவது பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். அளக்க முடியாததை ஆள முடியாது என்பது அந்நூலின் அடிப்படை. ஒரு தலைமுறை மேலாளர்கள் அதனை வேதமாகக் கொண்டார்கள். 27 ஆண்டுகள் கழித்து, 2009இல், அதே ஆசிரியர் தாம் சொன்னதை மீள ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்து இலட்சம் டாலர் செலவிட்டுப் பதினோரு இலட்சம் பெறும் பணியில் கட்டுப்பாடு இன்றியமையாதது. அதே செலவில் ஐந்து கோடி பெறும் பணியில் சிறிது கூடக் குறைய ஆனாலும் கேடில்லை. ஆகவே எதைக் கட்டுப்படுத்துவது என்பதைவிட எதைச் செய்யத் தக்கது என்பதே முதற் கேள்வி என்றார். பிள்ளை வளர்ப்பையும் எடுத்துக்காட்டினார். வளரும் பிள்ளையின் உயரத்தை அளக்கலாம், மதிப்பெண்ணை எண்ணலாம். நேர்மையையும் இரக்கத்தையும் எந்தக் கோலால் அளப்பது? தம் பெயரை நிலைநாட்டிய கருத்தைத் தாமே பொதுவில் திருத்திக்கொள்ளும் அறிஞர் அரிது. மனமாற்றம் என்று நாம் ஆலயத்தில் சொல்லும் சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள் எனலாம்.

நோயின் காரணத்தையும் ஒருவர் முன்பே சுட்டியிருந்தார். ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு ஆளத் தொடங்கினால், அதுகாறும் அது காட்டிவந்த உண்மையை அது காட்டாது என்று 1975இல் பிரித்தானியப் பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் எடுத்துரைத்தார். அவர் பேசியது பணக்கொள்கை பற்றி. ஆனால் டிக்கெட்டுக்கும் அது பொருந்தும். யாரும் கவனிக்காதவரை டிக்கெட் எண்ணிக்கை, வேலை நடப்பதைக் காட்டும் அடையாளமாயிருந்தது. அதைக் கொண்டு சம்பளம் தீர்மானிக்கப்பட்ட நாளிலிருந்து, டிக்கெட் எழுதுவதே வேலையாயிற்று. கள்ள மரக்காலில் அளவை பொய்யாயிருந்தது; இங்கே அளவை உண்மையாகவே இருந்துகொண்டு அளக்கப்படும் மனிதரைப் பொய்யராக்குகிறது.

அதன் விலையை யார் கொடுக்கிறார்? அடுத்த ஆண்டு அந்தக் குழுவில் எவரும் வேரைத் தேடி மூன்று வாரம் செலவிடமாட்டார். ஓய்வூதியம் எடுக்க வங்கிக்கு வந்த முதியவர், ‘சிஸ்டம் வேலை செய்யவில்லை’ என்ற சொல்லைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பும்போது, அந்த நான்கின் அருமை தெரியும். ஆனால் அவர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

எண்ணின் நியாயம்

அப்படியானால் எண்ணுவதையே விட்டுவிடலாமா? கூடாது. எண் இல்லாத இடத்தில் நீதி தானே வந்து அமர்ந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அங்கே அமர்வது மேலாளரின் விருப்பு வெறுப்பு. அவருடைய ஊர்க்காரர், அவருடைய சாதிக்காரர், ஆங்கிலத்தில் சரளமாய்ப் பேசத் தெரிந்தவர் முன்னே போவார். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் பெண்ணுக்காகப் பேசுவது சில நேரம் எண் ஒன்றுதான்.

எண்ணிக்கையால் நன்மை விளைந்ததற்கு நம் நகரிலேயே சான்று உண்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, எத்தனை கண்புரை அறுவைகள் என்பதோடு, அறுவைக்குப் பின் எத்தனை பேருக்குச் சிக்கல் நேர்ந்தது என்பதையும் கணக்கிட்டு ஆராய்கிறது. ஒரே அறுவையைப் பல்லாயிரம் முறை செய்யும்போது, எண் ஒரு நல்லாசிரியர். மென்பொருளோ அப்படியன்று. ஒருமுறை எழுதியதைப் படியெடுத்துக்கொள்ளலாம். மறுபடி எழுத வேண்டியதில்லை. ஆகவே எழுதப்படும் ஒவ்வொன்றும் ஏதோ ஒருவகையில் முதன்முறையாகவே எழுதப்படுகிறது. இந்த வேற்றுமையை மறந்து, அறுவைக்கூடத்துக் கணக்கை அப்படியே நிரல் எழுதும் மேசைக்குக் கொண்டுவந்தால் கணக்கு தடுமாறும்.

ஆயினும் வேறுபாடு தொழிலில் மட்டும் இல்லை. அந்த மருத்துவமனையில் சிக்கல்களை எண்ணுவது, பார்வை திரும்பாத கண் எது என்று தேடுவதற்காக. எதற்காக எண்ணுகிறோம் என்பதில்தான் அறம் தொடங்குகிறது.

அரசரும் ஆயனும்

திருவிவிலியத்தில் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, சாமுவேல் இரண்டாம் நூலின் இறுதி அதிகாரத்தில் வரும் கணக்கு. தாவீது அரசர் தம் நாட்டில் வாளேந்தும் வீரர் எத்தனை பேர் என்று அறிய விரும்பினார். படைத்தலைவன் யோவாபே தடுத்துப் பார்த்தான், அரசர் கேட்கவில்லை. 9 மாதமும் 20 நாளும் நாடெங்கும் சுற்றி எண்ணினார்கள். இஸ்ரயேலில் 8 இலட்சம், யூதாவில் 5 இலட்சம் என்று கணக்கு வந்தது. எண் வந்ததும் அரசரின் மனச்சான்று அவரை வாட்டியது. தொடர்ந்து வந்த கொள்ளைநோயில் 70,000 பேர் மாண்டனர். எண்ணியது ஏன் பாவமாயிற்று என்று அந்நூல் விரித்துரைப்பதில்லை. ஆனால் அவர் யாரை எண்ணினார் என்று பார்த்தால் போதும். பெண்களை எண்ணவில்லை, குழந்தைகளை எண்ணவில்லை, பசித்தவரையும் கைம்பெண்ணையும் எண்ணவில்லை. தமக்குப் பயன்படும் கைகளை மட்டும் எண்ணினார். கொள்ளைநோய் நின்ற இடமோ அரவுனாவின் போரடிக்கும் களம். நெல்லை அளப்பது போல மனிதரை அளந்த கணக்கு, தானியம் அளக்கும் களத்தில் வந்துதான் நின்றது.

இரண்டாவது, லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தின் கணக்கு. நூறு ஆடுகளில் ஒன்றைக் காணோம் என்று தொண்ணூற்றொன்பதை விட்டுத் தேடிப்போன ஆயனைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்று நம் கவனத்தில் படுவதில்லை. ஒன்று குறைகிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? மாலையில் அவன் எண்ணியிருக்க வேண்டும். எண்ணாத ஆயனுக்கு இழப்பே தெரியாது. ஆக, எண்ணுவது அன்பின் பகையன்று. அன்பின் முதற்படியாகவும் இருக்கக்கூடும். அரசர் தம் வலிமையை அறிய எண்ணினார். எண் கிடைத்ததும் அவர் வேலை முடிந்தது. ஆயன் குறையை அறிய எண்ணினான். எண் கிடைத்த பிறகே அவன் வேலை தொடங்கியது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரும் ஒரு கணக்குக் கற்றுக்கொடுத்தார். திருத்திக்கொள்ள விரும்பும் ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, அதில் தவறும்போதெல்லாம் ஏட்டின் கோட்டில் ஒரு புள்ளி இட வேண்டும். நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி முதலான மதுரைப் பணித்தளத்து இயேசு சபையார் பயின்ற ஆன்மிகப் பயிற்சி இது. இன்றைய மேலாளருக்கு இக்கணக்கு மிகவும் பிடிக்கும். ஒரே வேறுபாடு, அந்த ஏட்டைப் புள்ளியிட்டவர் தம் திருத்தத்துக்காகவே வைத்திருந்தார். அதைக் கொண்டு எவரும் அவருக்குத் தரவரிசை தரவில்லை. வியப்பு என்னவென்றால், தர ஏணியை உருவாக்கிய வாட்ஸ் ஹம்ப்ரியும் இதே முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு பொறியாளரும் தம் நேரத்தையும் தம் பிழைகளையும் குறித்துக்கொள்ளும் முறையை 1990களில் வகுத்த அவர், அக்குறிப்பு அவரவருக்கே உரியது. அதைக் கொண்டு மேலதிகாரி ஆளை எடைபோடலாகாது என்று வற்புறுத்தினார். எடைபோடத் தொடங்கினால் அடுத்த நாளே குறிப்பு பொய்யாகிவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் இல்லமும் நம் பள்ளியும்

மென்பொருள் நிறுவனங்களை நோக்கி விரல் நீட்டுவதோடு நாம் அமைதியடைந்துவிட முடியாது. பிளஸ் டூ தேர்வில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. நம் வீடுகளில் அந்த அறிவிப்பு நின்றதா? பிள்ளையிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி இன்னும் எண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது.

நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பள்ளி வாயிலில் தொங்கும் பதாகையைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அந்த நூறு எப்படி வந்தது என்று எப்போதாவது கேட்டதுண்டா? ஒன்பதாம் வகுப்பிலேயே படிப்பில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளும்படி பக்குவமாகச் சொல்லி அனுப்பும் பள்ளிகள் உண்டு. அது உவமையைத் தலைகீழாக்கிய செயல். காணாமற்போன ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து நூறாக்கினான் ஆயன். நாமோ அந்த ஒன்றைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, மீதியைக் கொண்டு நூறு விழுக்காடு என்கிறோம். எண் இரண்டிடத்திலும் நிறைவானதே.

இளைஞருக்கு விடை

தம்பி, நீர் கேட்டதற்கு வருவோம். ஐந்து டிக்கெட்டுகளில் ஒவ்வொன்றும் உண்மையாயிருக்கலாம். ஆனால் ஐந்து மடங்கு வேலை நடந்ததாக மற்றவர் நம்ப வேண்டும் என்பதற்காகவே அவை ஐந்தாயின. உண்மையான துண்டுகளால் பொய்யான முழுமையைக் கட்டலாம். ஆகவே உம் நெஞ்சு உறுத்தியது சரியே. அந்த உறுத்தலை இழந்துவிடாதீர்.

எனினும் அந்தச் சுமை முழுவதும் உம்முடையதன்று. நேர்மையாய் வேலை செய்பவர் தோற்கும்படியும், கணக்குக் காட்டத் தெரிந்தவர் வெல்லும்படியும் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைப்பவர், பிறர் பாதையில் இடறுகல் வைப்பவர். சிறியோருக்கு இடறலாயிருப்பவரைப் பற்றி ஆண்டவர் எவ்வளவு கடுமையாய்ப் பேசினார் என்பதை நாம் அறிவோம். தாம் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை என்று அந்த மேலாளர் கூறலாம். உண்மைதான். நடந்தது என்ன என்று அவர் கேட்கவே இல்லை. எண்ணை மட்டுமே கேட்டார். வேலையின் மேன்மை, அதனைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதிலேயே முதலில் இருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். வேலை செய்தவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் பட்டியலோடு முடிந்துபோகும் மதிப்பீடு, அந்த மனிதரைக் காணாத மதிப்பீடு.

நாம் எந்த அளவையால் அளக்கிறோமோ அதனாலேயே நமக்கும் அளக்கப்படும் என்பது நற்செய்தியின் எச்சரிக்கை. ஓர் அளவையை ஏற்படுத்தும் முன் மேலாளரும், தலைமையாசிரியரும், பெற்றோரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்த எண் கையில் கிடைத்ததும் நாம் யாரைத் தேடிப் போகப் போகிறோம்?

அந்த இளைஞரை அண்மையில் மீண்டும் கண்டோம். இப்போது ஆறு பேர் கொண்ட சிறு குழுவுக்கு அவரே பொறுப்பாளர். மேலிடத்துக்கு எண் அனுப்பியாக வேண்டும். அதை அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பட்டியலைப் பெயரில்லாமல் குழுவின் முன் வைத்து, எந்த டிக்கெட் நகராமல் கிடக்கிறது, அதில் சிக்கியிருப்பவருக்கு யார் துணைபோகலாம் என்று மட்டும் கேட்கிறாராம். ஆண்டு மதிப்பீட்டின்போது எண்ணுக்குப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அரைப்பக்கம் எழுதிக் கொடுக்கிறாராம். “மேலே அதைப் படிக்கிறார்களா?” என்று கேட்டோம். “தெரியாது, ஐயா. ஆனால் எழுதுவதற்காக நான் அவர்களிடம் போய்ப் பேச வேண்டியிருக்கிறது” என்றார்.